அண்ணனுக்கு ‘நல்லாத் தாங்குது’ என்றால் என்ன பொருள்?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டிருப்பவர் ஒரு தங்கை. அண்ணனுக்கு 43 வயது, லேத் பட்டறை வைத்திருக்கிறார். பத்து வருடமாக ராத்திரி ஒரு குவாட்டர் பிராந்தி, ஞாயிற்றுக்கிழமை என்றால் கூடவே ஒரு பீர். தள்ளாடியதில்லை, வீட்டில் சண்டை இழுத்ததில்லை, பட்டறைக்கு ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை. “எனக்கு நல்லாத் தாங்குது. கறி, மீனோடதான் குடிக்கிறேன். ஒரிஜினல் சரக்குதான். போன மாசம் எடுத்த டெஸ்ட்டும் நார்மல்” என்கிறாராம். அம்மாவோ, வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் கயிறு கட்டி அன்றோடு குடியை நிறுத்த வைத்துவிடலாம் என்று இருக்கிறார். இதில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொது மருத்துவ வார்டுகளில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மருத்துவன் நான். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது என்பதால் அம்மாவின் திட்டத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கயிறு கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். பத்து வருடம் தினமும் குடித்த ஒருவர், மருத்துவத் துணை இல்லாமல் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். குடியைப் பற்றி நம் வீடுகளில் புழங்கும் தவறான எண்ணங்களில் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். ‘நிறுத்தினால் நல்லதுதானே நடக்கும், கெட்டது எப்படி வரும்?’ என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

வார்டில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒருவரைச் சேர்த்திருந்தார்கள். அமைதியான மனிதர். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டபோது, கூச்சத்தில் வீட்டார் “அதெல்லாம் இல்லை” என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் ஒரு தொந்தரவும் இல்லை, தூக்கம் மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி போர்வையிலிருந்து எறும்பைப் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். எறும்பே கிடையாது. உடம்பெல்லாம் வியர்வை, கை உதறல், நாடித் துடிப்பு 140. மாவுக்கட்டுக் காலோடு எழுந்து வேலைக்குப் போகப் பார்த்தார். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று நினைத்த மனைவி, திருநீறு பூசிவிட்டு அழுதுகொண்டிருந்தார். பிறகுதான் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார்: பதினைந்து வருடமாகத் தினமும் குடி. அவர் பிழைத்துக்கொண்டார். அதே நிலையில் வீட்டில் கிடந்தவர்கள் பலர் பிழைக்கவில்லை.

1813இல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இந்த நிலைக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர் வைத்தார். நடுக்கத்தோடு வரும் பிதற்றல் என்று பொருள். மூளையில் வேகத்தை அடக்குவது காபா என்ற ரசாயனம், தூண்டிவிடுவது குளூட்டமேட். மது முன்னதற்குத் துணைபோகிறது, பின்னதை அமுக்குகிறது. குடித்ததும் உடம்பு தளர்வதும் கவலை மறப்பதும் அதனால்தான். தினமும் இப்படி அமுக்கிக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. சமன் செய்வதற்காகத் தூண்டும் பக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும். பிரேக்கை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரையும் முழுசாக அழுத்தி ஓட்டுகிற வண்டி மாதிரி. அந்த நிலையில் பிரேக்கிலிருந்து மட்டும் காலை எடுத்தால் வண்டி என்ன பாய்ச்சல் பாயும்!

அந்தப் பாய்ச்சலுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் குமட்டலும் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். மேலே சொன்ன பிதற்றல் இரண்டாம் நாள் முடிவிலிருந்து நான்காம் நாளுக்குள். எல்லோருக்கும் இவ்வளவு தூரம் போகாது, பலருக்கு நடுக்கத்தோடு அடங்கிவிடும். மாலை போட்டுக்கொண்டு மலைக்குப் போகும்வரை சுத்தமாக இருந்துவிடுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் யாருக்கு அடங்கும், யாருக்கு முற்றும் என்பது திருநீறு பூசும்போது தெரியாது. முன்பு ஒருமுறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவர்களுக்கும், காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். 2020 மார்ச் ஊரடங்கில் மதுக்கடைகளை ஒரே நாளில் மூடியபோது ஊர் ஊராக வீடுகள் இதைப் பார்த்தன. சிலர் வார்னிஷைக் குடித்து உயிரை விட்டார்கள். அது திமிர் இல்லை. மூளை பற்றி எரியும்போது கைக்குக் கிடைத்ததை எடுத்துக் குடித்தார்கள்.

இப்போது அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். “நல்லாத் தாங்குது.” நம்மூரில் இதை ஒரு பெருமையாகவே சொல்கிறார்கள். அரை பாட்டில் அடித்துவிட்டு நேராக நடப்பவன் ஆம்பளை, ஒரு பெக்கிலேயே உளறுகிறவன் சொத்தை. உண்மை இதற்கு நேர் எதிர். புதிதாகக் குடிப்பவன் தள்ளாடுவது, அவன் மூளை இன்னும் மதுவுக்குப் பழகாததால். தள்ளாடாதவனின் மூளை தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. எந்த மாற்றம் மூன்றாம் நாள் எறும்பைக் காட்டுகிறதோ அதே மாற்றம்தான் குடித்த அன்று நேராக நடக்கவும் வைக்கிறது. அண்ணனின் பெருமையும் அந்த வார்டுக்காரரின் பிதற்றலும் ஒரே வியாதியின் இரண்டு முகங்கள். இன்னொன்று, மூளைதான் பழகிக்கொள்ளும். ஈரலும் கணையமும் இதயமும் பழகிக்கொள்வதில்லை. போதை ஏறாததால் எச்சரிக்கை மணி அடிப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். குவாட்டர் என்றால் 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் சுத்த ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். ஒரு சராசரி ஆளின் ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குக் குடித்த குவாட்டரை முடிக்க ஏழெட்டு மணி நேரம். விடிய விடிய ஈரலுக்கு நைட் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு இன்னும் மோசம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால் 41 கிராம். “பீர் சும்மா குளிர்ச்சிக்கு” என்பார்கள். அந்த ஒரு பாட்டிலில் முக்கால் குவாட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆல்கஹால் இருக்கிறது. குவாட்டரும் பீரும் சேர்ந்து நூறு கிராமைத் தாண்டும். திங்கள் காலை எட்டு மணிக்கு அவர் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஹெல்மெட் போட்டு வண்டியை எடுக்கும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கக்கூடும். வண்டி ஓட்டச் சட்டம் வைத்திருக்கும் எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். அவர் நிற்கப்போவதோ ஓடுகிற லேத் முன்னால்.

ஸ்ட்ராங் காபி, மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குத் தண்ணீர் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. காபி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான். போதையில் தூங்கிக்கொண்டிருந்தவர் போதையில் விழித்துக்கொண்டிருப்பார். தினமும் குடிப்பவர்களின் ஈரல் கொஞ்சம் வேகமாக எரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்காக அது திறந்துவிடும் துணைப்பாதை ஈரலையே அரிக்கும் நச்சுகளையும் சேர்த்து உண்டாக்குகிறது. அப்படிப்பட்ட ஈரலுக்குத் தலைவலிக்கு என்று அளவுக்கு மீறிப் போடும் பாரசிட்டமால்கூட விஷமாகும். காலைத் தலைவலிக்கு அண்ணன் அடிக்கடி அதைப் போடுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

“கறி, மீனோட குடிக்கிறேன்” என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மது பெரும்பாலும் சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது குடலுக்கு இறங்கத் தாமதமாகும், போதை மெல்ல ஏறும். ஆனால் 61 கிராமில் பெரும்பகுதியை ஈரல்தான் எரித்தாக வேண்டும். கறி அதைத் துடைத்து எடுத்துவிடாது. அதைவிட முக்கியம், பி1 வைட்டமின். நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் மது குடலில் அதை ஏறவிடாமல் தடுக்கும். பி1 மிகவும் குறைந்துபோனால் கண் அசைவு குழம்பும், நடை தடுமாறும், நினைவு போகும். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றால், சாப்பிடாததைச் சாப்பிட்டதாகக் கோவையாகச் சொல்வார்கள். பொய் சொல்கிறான் என்று வீட்டார் கோபப்படுவார்கள். மறந்த இடத்தை மூளை தானாக இட்டு நிரப்புகிறது, அவர் பொய் சொல்லவில்லை. குடிநோயாளிக்கு எடுத்த எடுப்பில் வெறும் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றாமல் பி1 ஊசியையும் போட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். தெருமுனை கிளினிக்கில் “தெம்புக்கு ஒரு பாட்டில்” ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

டெஸ்ட் நார்மல் என்றாரே, என்ன டெஸ்ட் என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும்தான் பார்த்திருப்பார்கள். ஈரல் பரிசோதனையே எடுத்திருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. ஈரல் தன் சதைக்குள் வலி உணராத உறுப்பு. முக்கால்வாசி கெட்டாலும் மீதியை வைத்துக் குடும்பத்தை ஓட்டிவிடும். முதலில் கொழுப்பு படியும், அதிகம் குடிப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு இது இருக்கும். பிறகு சிலருக்கு அழற்சி, சிலருக்குத் தழும்பேறிச் சுருங்குதல், அதாவது சிரோசிஸ். சிரோசிஸ் வந்த பிறகும்கூட ரத்தத்தில் என்சைம் அளவு சாதாரணமாக இருக்கலாம், என்சைமைக் கசியவிட ஈரலில் செல்லே குறைந்துவிட்டதால். வயிற்றில் நீர் கோத்தோ, கறுப்பாக மலம் போயோ, ரத்த வாந்தி எடுத்தோ வரும்போது “நேத்து வரைக்கும் நல்லா இருந்தாரே சார்” என்பார்கள். அந்த வாசகத்தைக் கேட்காத வாரம் எனக்குக் கிடையாது. ஜிஜிடி, ஏஎஸ்டி, ஏஎல்டி என்ற ஈரல் என்சைம்கள், தட்டணுக்கள் எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், முடிந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் பைப்ரோஸ்கேன் இத்தனையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும். ஆறுதலாக ஒன்று சொல்கிறேன், இதை அண்ணனிடமும் சொல்லுங்கள். கொழுப்பு படிந்த நிலையில் குடியை விட்டால் சில வாரங்களிலேயே ஈரல் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இவ்வளவு மன்னிக்கும் உறுப்பு உடம்பில் வேறு இல்லை.

ஒரிஜினல் சரக்கு பற்றி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். சாதாரண மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனாலை உடைக்கும் ஈரலின் அதே என்சைம்தான் மெத்தனாலையும் உடைக்கிறது. ஆனால் மெத்தனால் பார்மிக் அமிலமாக மாறி கண் நரம்பைக் குருடாக்கி, ரத்தத்தையே புளிக்க வைக்கிறது. குடித்த உடனே தெரியாமல் பல மணி நேரம் கழித்துத் தெரிவதால்தான் அவ்வளவு பேர் தாமதமாக வந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகு நிறைய பேர் மனதில் ‘கள்ளச்சாராயம் விஷம், கடைச் சரக்கு பரவாயில்லை’ என்ற பாகுபாடு வந்துவிட்டது. மெத்தனால் ஒரே ராத்திரியில் கொல்லும், எத்தனால் பதினைந்து வருடம் எடுத்துக்கொள்ளும். என் வார்டில் வயிறு வீங்கிக் கிடந்தவர்கள் அத்தனை பேரும் சீல் உடைக்காத ஒரிஜினல் பாட்டில் குடித்தவர்கள். கள்ளுக்கும் இதே பதில். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீரில் போதை இல்லை. புளித்த கள்ளில் இருப்பது இதே எத்தனால், அளவுதான் குறைவு.

சளிக்கும் குளிருக்கும் பிராந்தி என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது குழந்தைகள்வரை போகிறது. குடித்ததும் தோலுக்கடியில் ரத்தக் குழாய்கள் விரியும், கதகதப்பாகத் தோன்றும். உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியேறுவதால்தான் அந்தக் கதகதப்பு. உடம்பின் நடுச்சூடு உண்மையில் இறங்குகிறது. ஊட்டிக் குளிரில் குடித்துவிட்டு வெளியில் படுப்பவனுக்கு இதுவே எமன். பெரியவர்களாவது தெரிந்தே குடிக்கிறார்கள். சளி பிடித்த கைக்குழந்தைக்குப் பாலாடையில் இரண்டு சொட்டு பிராந்தி விடும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். மது ஈரலைச் சர்க்கரை தயாரிக்க விடாது. குழந்தையின் கையிருப்புச் சர்க்கரை மிகக் கொஞ்சம். குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்துவிடலாம். ஒரு சொட்டுகூட வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் பெரியவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. சாப்பிடாமல் குடித்தால் நள்ளிரவில் சர்க்கரை படுபாதாளத்துக்குப் போகும். உளறல், வியர்வை, தள்ளாட்டம், பிறகு மயக்கம் என்று பார்க்கப் போதை மாதிரியே இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் “தண்ணி போட்டிருக்கான், தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்று விட்டுவிடுவார்கள். தலையில் அடிபட்டவர்களுக்கும் இதே கதி. நீண்ட நாள் குடிப்பவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருக்கும், ரத்தம் உறைவதும் தாமதம். சின்ன விழலிலேயே மண்டைக்குள் ரத்தம் கசியும். மது வாடை அடிக்கிறது என்பதற்காக மயக்கத்துக்குக் காரணம் மதுதான் என்று யாரும் முடிவு கட்டக்கூடாது, மருத்துவர்கள் உட்பட. எழுப்பினால் எழாதவரை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாத்தினால் வாந்தி மூச்சுக்குழலில் போகும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் அதே காரணத்துக்காகக் கூடாது. 108க்கு அழையுங்கள்.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு இப்போது ஓய்ந்துவருகிறது. கொஞ்சமாகக் குடிப்பவர்கள், குடிக்காதவர்களைவிட நன்றாக இருப்பதாகப் பழைய ஆய்வுகளில் தெரிந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், உடம்பு கெட்டுப்போய் குடியை விட்டவர்களையும் ‘குடிக்காதவர்கள்’ பட்டியலில் சேர்த்ததுதான். சீனாவில் 2019இல் வெளியான பெரிய ஆய்வு, பிறவியிலேயே மதுவைச் செரிக்க முடியாத மரபணு உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டது. மிதமான குடி பக்கவாதத்திலிருந்து காக்கும் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை; குடி ஏற ஏற ஆபத்தும் ஏறியது. புற்றுநோய் விஷயத்தில் சந்தேகமே இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே மதுவைப் புகையிலை இருக்கும் முதல் பட்டியலில் வைத்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், ஈரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம். அண்ணன் குடிக்கும்போது சிகரெட்டோ பாக்கோ சேர்த்துக்கொள்வாரானால் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து பல மடங்காகிறது.

நீங்கள் கேட்காத ஒன்று. யாராவது உங்களிடம் வந்து, “சாம்பாரில் கலந்துவிடலாம், தெரியவே தெரியாது, குடியை மறந்துடுவார்” என்று ஒரு பொடியையோ மாத்திரையையோ கொடுக்கலாம். பெரும்பாலும் அதில் இருப்பது டிஸல்பிராம். 1940களில் டென்மார்க்கில் குடற்புழு மருந்தாகப் பயன்படுமா என்று பார்க்கும்போது, அதைத் தாங்களே விழுங்கிப் பார்த்த மருத்துவர்கள் விருந்தில் குடித்ததும் முகம் சிவந்து படபடத்துப் போனார்கள். அப்படித்தான் அதன் குணம் தெரியவந்தது. மது உடையும் பாதையின் நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சைத் தேங்க வைக்கிறது அது. தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுத்துக்கொள்பவருக்கு அது மருந்து. தெரியாமல் தின்றுவிட்டு வழக்கம்போலக் குவாட்டர் அடிப்பவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுவிடலாம். கணவனைக் காப்பாற்ற நினைத்துக் கலந்து கொடுத்துவிட்டு, ஐசியூ வாசலில் அதைச் சொல்ல முடியாமல் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. விற்றவன்மேல் வந்திருக்கிறது.

என்ன செய்யலாம்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. ஐந்து முதல் ஏழு நாள் உள்ளே வைத்து, மூளையின் பாய்ச்சலை அடக்கும் மாத்திரையை முதலில் போதுமான அளவில் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், பி1 ஊசி போடுவார்கள். அந்த மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடும். பிறகு குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. தனியார் மறுவாழ்வு மையம் என்றால் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று கேட்டு, உள்ளே போய்ப் பார்த்த பிறகு சேருங்கள். ஆளைக் கட்டித் தூக்கிப் போகும் இடம் வேண்டவே வேண்டாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழில் பேசலாம்.

மருத்துவமனையில் சேரும்வரை அவரை நீங்களாக நிறுத்தச் சொல்லாதீர்கள். தங்கையாக இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிகிறது. அவர் தானாகவே நிறுத்திவிட்டு, உதறலோடு காய்ச்சலோ, குழப்பமோ, இல்லாததைப் பார்ப்பதோ, வலிப்போ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அம்மாவிடம் கயிறு கட்ட வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது தரும் மனபலம் சிகிச்சைக்குப் பிறகு வரும் மாதங்களில் நிஜமாகவே உதவும். டிஸ்சார்ஜ் ஆகி வருகிற முதல் வெள்ளிக்கிழமை கட்டச் சொல்லுங்கள்.

ஓ.பி.யில் சீட்டு வாங்கி உட்காரும்போது, தினமும் எவ்வளவு, எத்தனை வருடம், கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும்போது அம்மா “எப்பவாவது கொஞ்சம்” என்று சொல்லிவிடுவார். அந்தத் தாளை நீங்கள் நீட்டிவிடுங்கள்.